குவாரிப் பாறையோரம் ஒரு பொதுக் கட்டடம்: நிலத்தோடு இசைய வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கை மேடு புக்கிட் தீமா. அதுவே 164 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் பேச்சை நிறுத்தும் இடங்கள் இங்கே இல்லாமலில்லை. புக்கிட் பாத்தோக்கின் லிட்டில் குயிலினில் நீரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் பாறை, லாப்ரடாரின் கடலோரப் பாறைச்சுவர், புலாவ் உபின் தீவில் செக் ஜாவாவின் சதுப்புக்கரை. இப்படிப்பட்ட ஓர் இடத்தில் கற்றல் நிலையமோ நூலகமோ வருகையாளர் நிலையமோ கட்டும் பொறுப்பு வந்தால் எந்த வரிசையில் வேலை செய்வது என்பதை இங்கே சொல்கிறோம். கட்டடக்கலை மாணவர்கள், இளம் வடிவமைப்பாளர்கள், கட்டுமானக் குழுவில் உட்காரும் சமூகத் தொண்டர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது.

கணக்குகள் புரிய ஒரு கற்பனை மனையை வைத்துக்கொள்வோம். கைவிட்ட கருங்கல் குவாரி. 40 மீட்டர் உயரப் பாறைமுகம். எதிரே 1:5 சரிவில் (5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும்) காட்டு நிலம். அங்கே 800 சதுர மீட்டரில் தரைத்தளம் மட்டுமே உள்ள கட்டடம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலத்தோடு இசைவது என்பது இலை வடிவக் கூரை போடுவதோ சுவருக்குப் பச்சை பூசுவதோ அல்ல. இசைவு வெட்டுமுகப் படத்தில்தான், அதாவது நிலத்தையும் கட்டடத்தையும் செங்குத்தாக வெட்டிப் பக்கத்திலிருந்து பார்க்கும் படத்தில்தான் பிறக்கிறது. மேலிருந்து பார்க்கும் பிளானை முதலில் வரைபவர் நிலத்தைத் தட்டையாக நினைக்கத் தொடங்கிவிடுகிறார். பிறகு நிலத்தையே தட்டையாக்கிவிடுகிறார்.

படி 1: புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா?

டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவின் வாலஸ் கல்வி நிலையம் முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்தது. செக் ஜாவா வருகையாளர் நிலையம் 1930களில் கட்டப்பட்ட வீடு. இரண்டிலும் புதிதாக ஒரு காட்டுத் துண்டை இழக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் மனையில் பழைய கொட்டகை, கல் உடைத்த மேடை, லாரிப் பாதை ஏதாவது இருந்தால் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன தரைதான் கட்டுவதற்கு மிக நல்ல தரை. மனையிலேயே அழகான இடத்தைத் தேடிப் பிடித்து அதன் மேல் கட்டடத்தை வைத்தால், அந்த அழகான இடம் அதோடு போய்விடும்.

படி 2: மழையில் மனையை நடந்து பாருங்கள்

நில அளவை வரைபடத்தில் 0.5 மீட்டர் இடைவெளிச் சம உயரக்கோடுகள் கேளுங்கள். 1 மீட்டர் இடைவெளி இங்கே போதாது, ஏனென்றால் சிறு ஓடைத்தடங்கள் அதில் மறைந்துவிடும். கூடவே 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரத்தின் இடம், இனம், அடிமட்ட உயரம் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். அந்தச் சுற்றளவைத் தாண்டிய மரத்தை, மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலத்திலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்ட முடியாது.

வரைபடம் கையில் வந்ததும் பலத்த மழையின்போது ஒருமுறையும் மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறையும் போய்ப் பாருங்கள். (இடி இருக்கும்போது காட்டுக்குள் நுழைய வேண்டாம்.) நீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, பாறைமுகத்தில் எந்த விரிசலிலிருந்து கசிகிறது என்று நீல மையில் குறியுங்கள். படத்தில் விழும் முதல் கோடு மழைநீருடையதாக இருக்கட்டும்.

பறவை, விலங்கு ஆய்வை ஒரு வாரத்தில் முடித்துவிட முடியாது. வலசைப் பறவைகள் வருவது செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரலில் ஆய்வைத் தொடங்கும் குழு அவற்றைப் பார்க்காமலேயே அறிக்கை எழுதிவிடும். மனை இயற்கை வனப்பகுதிக்கு அருகில் என்றால் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வும் கேட்கப்படலாம் என்பதால், கால அட்டவணையில் அதற்கு ஒரு முழு ஆண்டு ஒதுக்குங்கள்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். புக்கிட் தீமா கருங்கல் பகுதியில் பாறை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அடித்தளம் எளிது என்று எண்ண வேண்டாம். சிதைந்த கருங்கல் செம்மண்ணாகிப் பல மீட்டர் ஆழம் இறங்கும். அதற்குள் வீடளவு உருண்டைக் கற்கள் சிக்கியிருக்கும். மண்ணைச் சோதிக்கப் போடும் ஒரு துளையில் 4 மீட்டரில் தட்டுப்படும் ‘பாறை’ வெறும் தனிக்கல்லாகவும் இருக்கலாம். அதனால் துளையைப் பாறைக்குள் சில மீட்டர் தொடர்ந்து இறக்கி உறுதி செய்ய வேண்டும். கட்டடத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒன்று, பாறையடியில் தனியாக ஒன்று என்று கேளுங்கள். இதில் மிச்சம் பிடித்த காசு பைல் (ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) அடிக்கும்போது பல மடங்காகப் போய்விடும்.

படி 3: வெட்டுமுகம் வரைந்து மண்ணைக் கணக்கிடுங்கள்

சரிவுக்குக் குறுக்கே குறைந்தது மூன்று வெட்டுமுகங்கள், 1:100 அளவில். ஒவ்வொன்றிலும் பாறையின் உச்சி, மரங்களின் முடி, வேர்ப்பரப்பு, நீர்மட்டம், நிற்கும் மனிதர் எல்லாம் இருக்க வேண்டும். கட்டடத்தை இன்னும் வரையாதீர்கள்.

இப்போது கணக்கு. 1:5 சரிவில் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் ஆழம் உள்ள ஒரே தளத்தை வைத்தால், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 4 மீட்டர் வித்தியாசம் வரும். முழுவதையும் வெட்டித் தட்டையாக்கினால் 1,600 கன மீட்டர் மண். வெட்டிய மண் உப்பும். கால் பங்கு கூடுதலாக வைத்தால் 2,000 கன மீட்டர். லாரிக்குப் பத்து என்றால் 200 நடை. பின்னால் 4 மீட்டர் உயரத் தாங்குசுவரும் அதன் பின்னே வடிகாலும் வேண்டும்.

அதே 800 சதுர மீட்டரை 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் ஆழமாக்கிச் சம உயரக்கோட்டின் போக்கில் படுக்க வைத்தால் வெட்டு 800 கன மீட்டராகிறது. சரிபாதி. சுவர் உயரம் 2 மீட்டர். அல்லது 40 மீட்டர் நீளத்தை வைத்துக்கொண்டு, தரையை 2 மீட்டர் வித்தியாசத்தில் இரண்டு படிக்கட்டுத் தளங்களாக உடைத்தாலும் இதே 800தான். மேல்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியை நிரப்பினால் இன்னும் குறையும். ஆனால் வெப்பமண்டல மழையில், சரியாக இறுக்காத நிரப்பு மண் வழுக்கும். அதன் மேல் கட்டடத்தின் பாரம் இறங்கக் கூடாது.

நான்காவது வழி தூண்கள் மேல் தூக்கி நிறுத்துவது. கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகள் செய்தது இதைத்தான். இலங்கையில் தம்புள்ளை அருகே ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஓட்டலும் மலையோரமாகத் தூண்களில் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் அடியாகவே போய்விடுகிறது. தூண் முறையில் வெட்டு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அடியில் 1.5 மீட்டராவது விடுங்கள். அதற்குக் குறைந்தால் குழாய் பழுதுபார்க்க ஆள் நுழைய முடியாது, சருகு சேரும், ஏதாவது பள்ளத்தில் நீர் தேங்கிக் கொசு பெருகும்.

எங்கள் பரிந்துரை கலவைதான். கனமான பகுதிகளான கழிப்பறை, மின்னறை, நீர்த்தொட்டி ஆகியவை பழைய மேடைத் தரையில். மக்கள் இருக்கும் கூடங்கள் தூண்களில்.

படி 4: பாறையிலிருந்து எவ்வளவு தூரம்?

இந்தப் படிக்கு நேரம் செலவிடுங்கள். கட்டடம் எதற்காக அங்கே இருக்கிறதோ அது இதில்தான் தீர்மானமாகிறது.

ஓர் உருவத்தை முழுதாகக் கண்ணில் வாங்க, அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது கட்டடக்கலையில் நெடுநாளாக இருந்துவரும் அளவு. அப்போது உச்சி ஏறக்குறைய 27 பாகைக் கோணத்தில் இருக்கும். உயரத்துக்குச் சமமான தூரத்தில் நின்றால் 45 பாகை. கழுத்தை நிமிர்த்த வேண்டும். விரிசலும் வேரும் தெரியும், முழு உருவம் தெரியாது. ஆக 40 மீட்டர் பாறைக்கு முதன்மைக் கூடம் 80 மீட்டர் தள்ளி இருக்கட்டும். 40 மீட்டரில் ஒரு சிறு நிழற்குடை மட்டும் போதும்.

பாதுகாப்பும் இதோடு ஒத்துப்போகிறது. பழைய குவாரியில் வெடி வைத்துப் பிளந்த முகம் தளர்ந்திருக்கும். நிலப்பொறியாளர் கணக்குத் தரும்வரை, பாறை உயரத்துக்குச் சமமான பட்டையைக் காலியாக விட்டே வரையுங்கள். அவர் பிறகு குறைத்துக் கொடுத்தால் நல்லது. கூட்டிச் சொன்னால் முழுப் பிளானும் போய்விடும் நிலை வரக் கூடாது. பாறையையே கம்பிவலை போர்த்தி ஆணியடித்துக் கட்டடத்தை அருகே கொண்டுவரும் யோசனையும் மேசைக்கு வரும். எதைப் பார்க்க மக்கள் வருகிறார்களோ அதை மூடிவிட்டு என்ன கட்டுவது?

அடுத்து வருவது பலரும் தவறவிடுவது: தாழ்வாரத்தின் இறவாணம், அதாவது கூரையின் தாழ்ந்த வெளி விளிம்பு. மழைக்காக 3 மீட்டர் ஆழத் தாழ்வாரம் போட்டு இறவாணத்தை 2.4 மீட்டரில் வைத்தால், கூடத்துச் சுவரோரம் நிற்பவரின் பார்வை (கண்மட்டம் 1.5 மீட்டர்) 17 பாகைக்கு மேல் போகாது. 80 மீட்டரில் நிற்கும் அவருக்குப் பாறையின் உச்சி, கண்மட்டத்தைக் கழித்தால், 26 பாகையில் இருக்கிறது. அதாவது பாறையின் மேலே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான பகுதி வெட்டுப்பட்டுவிடும். கட்டி முடித்தபின் இதைத் திருத்த வழியில்லை. இறவாணம் 3 மீட்டருக்கு உயர வேண்டும். உயர்த்தினால் சாரல் உள்ளே வரும், ஆகவே தாழ்வாரத் தரையை நனையும் தரையாகவே வடிவமையுங்கள். வெளிப்பக்கம் 1:80 சாய்வு, சொரசொரப்பான கல், வாசலில் 20 மி.மீ. தாண்டாத குறுக்குத் தடை. பாறையைப் பார்க்காத மற்றப் பக்கங்களில் இறவாணத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

உயரம் பற்றியும் ஒன்று. திருப்பரங்குன்றத்தில் கோயில் மலையடியில்தான் இருக்கிறது. கருவறை பாறையில் குடைந்தது. குன்றின் உச்சியை அந்தக் கோயில் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கும் அப்படியே: மக்கள் வரும் முக்கியமான மூன்று இடங்களிலிருந்து பார்த்தால் கூரைக்கோடு மரமுடிகளின் கோட்டைத் தாண்டக் கூடாது. சோதிக்க ட்ரோன் வேண்டாம், அதற்கு அனுமதி வாங்குவதற்குள் நாள் போய்விடும். கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் உத்தேசக் கூரை உயரத்துக்கு மூங்கில் நட்டு உச்சியில் ஆரஞ்சுத் துணி கட்டி, அந்த மூன்று இடங்களிலிருந்தும் படம் எடுங்கள்.

எல்லாக் கட்டடமும் ஒளிய வேண்டும் என்று சொல்லவில்லை. மவுண்ட் ஃபேபரையும் தெலுக் பிளாங்கா குன்றையும் இணைக்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம், 274 மீட்டர் நீளத்தில், சாலைக்கு 36 மீட்டர் மேலே, 2008 முதல் தைரியமாகவே நிற்கிறது. பொருந்துகிறது, ஏனென்றால் இரு குன்றுகளுக்கிடையே நடக்க ஒரு காரணம் அதற்கு இருக்கிறது. அதன் அலைகளும் உட்காரும் இடமாகவும் நிழலாகவும் வேலை செய்கின்றன. வேலை செய்யாத வளைவுதான் நிலத்தோடு சண்டை போடும்.

படி 5: நீரை விடுங்கள், ஆனால் மெதுவாக

800 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை விழுந்தால் 80,000 லிட்டர். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அதுவும் தூறலாக அல்ல, கொட்டித் தீர்க்கும். மனை 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் என்றால், உச்ச நீரோட்டக் குணகம் (கொட்டும் மழையில் உடனே வெளியே ஓடும் பங்கு) 0.55ஐத் தாண்டாதபடி மனைக்குள்ளேயே நீரைத் தேக்கி விட வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. நிலத்தடித் தொட்டி கட்டி இதைச் சமாளிப்பது வழக்கம். காட்டு மனையில் செடி நட்ட ஆழமில்லாத வடிகட்டிப் பள்ளங்கள் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒரு விதி: நின்ற நீர் ஒரு நாளுக்குள் இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது ஏடிஸ் கொசுவின் வீடு.

அதே கொசுவுக்காக இங்கே கூரைக் கால்வாய்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. சருகு கொட்டும் காட்டோரத்தில் அவை எப்படியும் அடைத்துக்கொள்ளும். கால்வாயே இல்லாமல் இறவாணத்திலிருந்து நீரை நேரே விழவிட்டு, கீழே 600 மி.மீ. அகலத்தில் கூழாங்கல் பட்டை போடுங்கள். பட்டையின் நடு, இறவாண விளிம்புக்கு நேர்கீழே இருக்கட்டும். பட்டை குறுகினால் மண் தெறித்துச் சுவரில் செங்கறை ஏறும்.

படி 6: மரத்தைக் காப்பதென்றால் வேரைக் காப்பது

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வேலி போட்டுவிட்டுக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பதுதான் மிகப் பரவலான பிழை. பாதுகாப்பு வட்டத்தின் ஆரம் தண்டின் விட்டத்தைப்போல் 12 மடங்கு. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 7.2 மீட்டர். அந்த வட்டத்துக்குள் லாரி நிற்கக் கூடாது, சிமெண்டு கழுவிய நீர் ஊற்றக் கூடாது, வெட்டிய மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக்கூடக் குவிக்கக் கூடாது. உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டரிலேயே இருப்பதால் மூச்சடைத்துவிடும். மரம் உடனே சாகாது. திறப்பு விழாவெல்லாம் முடிந்து இரண்டாம் ஆண்டில் உச்சியிலிருந்து காயத் தொடங்கும்.

எல்லா மரமும் சமமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைவிட்ட நிலங்களில் விரைவாக வளரும் அல்பிசியா பிரம்மாண்டமாகத் தெரியும். ஆனால் அதன் கிளை முறியும். அதன் நிழலில் இருக்கைகள் போடாதீர்கள், கூரையும் வேண்டாம். மரவியலாளர் சொல்வதை ஒவ்வொரு மரத்துக்கும் எழுத்தில் வாங்குங்கள்.

தீயணைப்பு வண்டிப் பாதையை இந்தக் கட்டத்திலேயே வரைந்துவிடுங்கள். கடைசியில் நினைவுக்கு வந்தால், காப்பாற்றி வைத்த நல்ல மரங்களெல்லாம் அதன் வழியில்தான் நிற்கும்.

படி 7: வெயிலும் கூரையும்

நாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 1.3 பாகையில் இருக்கிறோம். கடிகாரப்படி உச்சிப்பொழுது பகல் 1 மணி சுமார். டிசம்பரில் சூரியன் தெற்கே 65 பாகையிலும் ஜூனில் வடக்கே 68 பாகையிலும் இருக்கும். எனவே வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு 1 மீட்டர் இறவாணம் அந்நேரத்தில் 2 மீட்டருக்கு மேல் நிழல் தரும். மேற்குச் சுவருக்கு அது உதவாது. மாலை 4 மணிக்கே வெயில் 45 பாகைக்கு இறங்கிவிடுகிறது, 5.30க்கு அதில் பாதி. மேற்கில் சாளரம் வேண்டாம், வேண்டுமானால் செங்குத்துப் பலகைகளோ இருக்கும் மரங்களோ மறைக்க வேண்டும்.

சம உயரக்கோடு வடக்கு-தெற்காக ஓடினால் நீண்ட முகம் மேற்கைப் பார்க்கும். அப்போது எதைக் கைவிடுவது? வெயிலைப் பலகையாலும் மரத்தாலும் சமாளிக்க முடியும். வெட்டிய மண்ணைத் திரும்ப வைக்க முடியாது. சம உயரக்கோட்டின் பக்கமே நில்லுங்கள்.

புல்கூரை அழகுதான், பாரம் அதிகம். இலேசான மண்கலவைகூட நனைந்தால் 150 மி.மீ. ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 முதல் 180 கிலோ வரும். சரிவான மனையில் தூண்கள் மேல் நிற்கும் கூடத்துக்கு, சாய்வான உலோகக் கூரையும் அடியில் 50 மி.மீ. ஒலித்தடுப்புப் பஞ்சும் போதும். பஞ்சை மிச்சப்படுத்தினால் மழை நேரத்தில் உள்ளே ஆசிரியர் பேசுவது கேட்காது.

படி 8: பொருள்கள்

நிறம் தேர்வு செய்ய, மனையின் மண்ணையும் கல்லையும் நனைத்து வைத்துப் பாருங்கள். காட்டின் உள்நிழல் பச்சையல்ல. பழுப்பும் சாம்பலும்தான். பச்சைச் சாயம் இலைகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கும்.

துருவேறிய நிறத்துக்காக வரும் வெதரிங் ஸ்டீல் இந்த ஊருக்கு ஏற்றதல்ல. நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அதன் மேல் காப்புப் படலம் கெட்டியாகும். எப்போதும் ஈரமும் கடலோர உப்பும் இருந்தால் துரு உள்ளே தின்றுகொண்டே போகும். பூசாத கான்கிரீட்டில் கரும்பாசி ஓடும். எல்லா விளிம்பின் அடியிலும் நீர்சொட்டுப் பள்ளம் வெட்டினால் கோடு கோடாக வழியாது. வெளித்தரைக்கு பாலாவ் மரம் நன்றாக உழைக்கும். பலகைக்கிடையே 6 மி.மீ. சந்து, துருப்பிடிக்காத 316 ரகத் திருகு, மண்ணைத் தொடாத அடிச்சட்டம், வெட்டுமுனைகளுக்கு மெழுகுப் பூச்சு. நிழலில் பாசி பிடித்து வழுக்கும் என்பதால், சரிவுப் பாதைகளில் மரத்தை விட்டுவிட்டு உலோக வலைத்தளம் போடுங்கள். தெலுக் பிளாங்காவின் ஃபாரஸ்ட் வாக் அப்படித்தான் இருக்கிறது, கீழே உள்ள செடிகளுக்கும் வெளிச்சம் போகிறது.

படி 9: கண்ணாடி, விளக்கு, குரங்கு

காட்டைப் பிரதிபலிக்கும் பெரிய கண்ணாடி பறவைக்குக் காடாகவே தெரியும். தமிழ்நாட்டில் ஆறுமணிக்குருவி என்று அழைக்கும் பறவையின் உறவினமான நீலச்சிறகு பிட்டா, வலசைக் காலத்தில் இங்கே அடிக்கடி மோதி விழுகிறது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், 5 செ.மீ.க்கு மேற்படாத இடைவெளியில் புள்ளிகள் அச்சிட வேண்டும். உள்பக்க அச்சு வெளிப் பிரதிபலிப்பை மறைக்காது. ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

வெளிவிளக்குகள் மஞ்சள் சாயலில், 3000 கெல்வினுக்குக் கீழே, மூடிய முகத்துடன், தரையை மட்டும் நோக்கி. பாறைமுகத்துக்கு ஒளிபாய்ச்ச வேண்டாம் என்று குழுவில் உறுதியாகச் சொல்லுங்கள். அந்தக் கோரிக்கை கட்டாயம் வரும். குப்பைத்தொட்டிக்குக் குரங்கு திறக்க முடியாத தாழ்ப்பாள், சிற்றுண்டி இடத்துக்கு வலையடைப்பு.

படி 10: வரும் வழி

1:12 சரிவுப்பாதையில் 2 மீட்டர் ஏற 24 மீட்டர் ஓட்டம் வேண்டும். 9 மீட்டருக்கு ஓர் ஓய்வுத்தளம் வைத்தால், மேலும் கீழும் திரும்பும் இடங்களையும் சேர்த்து 30 மீட்டர் ஆகும். இதைக் கட்டடத்தின் பக்கவாட்டில் மடித்து ஒட்டவைப்பதற்குப் பதில், நுழைவிலிருந்தே 1:20 சரிவில் மரங்களுக்கிடையே வளைத்துக் கொண்டுவாருங்கள். 4 மீட்டர் ஏற்றம் 80 மீட்டர் நடையில் தெரியாமலே கழிந்துவிடும். சக்கர நாற்காலியில் வரும் பாட்டியும் ஓடி வரும் பேரனும் ஒரே வழியில் வருவார்கள். அந்த நடையில் பாறையைக் கடைசி வளைவு வரை மறைத்து வையுங்கள். மறைக்கப் புதர் போதும், சுவர் தேவையில்லை.

படி 11: கட்டும்போதும் திறந்த பின்னும்

மரவேலி, மண்தடுப்புத் திரை, வண்டல் தொட்டி ஆகியவை முதல் இயந்திரம் உள்ளே வருவதற்கு முன்பே நிற்க வேண்டும். மனையிலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றின் மழை பொதுவாக டிசம்பரில் வலுக்கும் என்பதால், மண்வேலையை நவம்பருக்கு முன் முடிக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மேல்மண்ணை, சுமார் 200 மி.மீ., தனியே எடுத்து 1.5 மீட்டருக்கு மேல் குவிக்காமல் மூடி வையுங்கள். அதில் அந்தக் காட்டின் விதைகள் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அதைப் பரப்பினால், நர்சரிச் செடிகளுக்கு முன்பே அங்கிருந்த செடிகள் முளைத்து வரும்.

பராமரிப்புக் குழுவுக்கு ஒரே ஒரு பக்க அட்டவணை கொடுங்கள். மாதம் ஒருமுறை கூழாங்கல் பட்டையிலும் தூண்களின் அடியிலும் சருகு நீக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மரத்தளத் திருகுகள். ஆண்டுக்கு ஒருமுறை பாறைமுகமும் மரங்களும். வலசைக் காலத்தில் தினமும் காலையில் கண்ணாடிச் சுவரின் கீழே ஒரு சுற்று. விழுந்து கிடக்கும் ஒவ்வொரு பறவையையும் எந்தக் கண்ணாடிக்கு நேராகக் கிடந்தது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். அடுத்து எந்தப் பலகத்தில் புள்ளி அச்சிட வேண்டும் என்பது அந்தக் குறிப்பில் இருக்கும்.